பாய் வீட்டு டீசல் வண்டியும் ஒரு திருவுளச் சீட்டும்

அன்புள்ள செல்வின்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னிடம் இரண்டு வேலைகளை ஒப்படைத்தாய். நான் வாங்கலாமா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பழைய டீசல் காருக்கு ஒரு சீட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னாய். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எம்மா, அப்படியே எனக்கும் ஒண்ணு போடு. மஸ்கட் வேலைக்குப் போகவா வேணாமான்னு. நீ போட்டாத்தான் சரியா வரும்" என்றாய். கார் திங்கட்கிழமை காலை பழைய வண்டி உடைக்கிறவர் கைக்குப் போய்விடும். உன் கம்பெனிக்கு இந்த மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. இரண்டுக்குமே நான் சீட்டுப் போடவில்லை. இனிமேல் போடப் போவதுமில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லி முடித்த பிறகு நீ என்னோடு பேசுவாயா என்று எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

இதை நம் சபையின் மாத இதழிலும் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, அதுவும் பின்னால் வரும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் பெரிய முடிவு என்றால் திருவுளச் சீட்டுத்தான். சில வீடுகளில் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். நாம் இரண்டு துண்டுத் தாளில் 'சரி' என்றும் 'வேண்டாம்' என்றும் எழுதி, சுருட்டி, எவர்சில்வர் டம்ளரில் போட்டு, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணி, வீட்டிலேயே இளையவரை எடுக்கச் சொல்வோம். வந்தது வந்ததுதான். அதற்கு மேல் பேச்சில்லை. காளவாசலில் இந்த வீட்டை வாங்கியது, அப்பாவின் மூட்டு ஆப்பரேஷனைத் தள்ளிப்போட்டது, ஷீபாவை உனக்குப் பெண் கேட்கப் போனது, எல்லாம் அந்த டம்ளரிலிருந்து வந்தவை.

முதலில் காரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது சுலபம். மூக்குக்கண்ணாடி மாற்றக் கோரிப்பாளையம் போனபோது, ஒரு சந்தில் புங்கமரத்தடியில் அதைப் பார்த்தேன். முன்பக்கம் சாதாரணக் கார். பின்பக்கம் மட்டும் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் மூன்று முழம் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று அட்டை. அட்டையும் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. ஏன் நின்றேன் என்று இப்போது வரை எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால் ஏலக்காயும் நெய்யும் மணந்தது. கார் இப்படியா மணக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து "என்ன டீச்சரம்மா, பாக்குறீங்க?" என்று ஒரு குரல். கனி பாய். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிக் கொடுப்பவர். அவர் மகளுக்கு நான் ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் எடுத்திருக்கிறேனாம், எனக்கு ஞாபகமில்லை. அந்த நீண்ட முதுகில்தான் இத்தனை வருஷம் பிரியாணி அண்டாக்களை ஏற்றிக்கொண்டு திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று போய்வந்திருக்கிறார். இப்போது மகன்கள் மினி லாரி எடுத்துவிட்டார்கள்.

"டீச்சரம்மா, பொய் சொல்லி விக்கிற வயசு எனக்கு இல்ல" என்றார் பாய். "இது ஓடாது. நடக்கும். ஆனா வழில நிக்காது. மேடு வந்தா கொஞ்சம் யோசிக்கும், யோசிச்சுட்டு ஏறிரும். ஏசி கெடையாது. மழை பெஞ்சா எடது பக்கம் பின்சீட்டுல ஆள வைக்காதீங்க, நனைஞ்சுருவாக." இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. குறைகளைச் சொல்லச் சொல்ல எனக்கு ஆசை கூடிக்கொண்டே போனது. மறுநாள் திரும்பவும் போனேன், இந்த முறை கைப்பையில் சட்டக் காந்தத்தோடு. ரிட்டயர் ஆன அன்று லேபிலிருந்து நான் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அதுதான், ஊருக்கே தெரியும். காரின் உடம்பு முழுக்க அதை வைத்து வைத்துப் பார்த்தேன். காந்தம் ஒட்டினால் தகரம். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகரம் துருப்பிடித்துப் போய், பள்ளத்தை அடைக்கப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இடது பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டவில்லை. பாய் குனிந்து பார்த்தார். "அட, இது எனக்கே தெரியாதும்மா! எவனோ இடிச்சுட்டு எனக்குத் தெரியாம பூசிருக்கான்" என்று தன் வண்டியைத் தானே முதல்முறை பார்ப்பவர் போல நின்றார். சந்தில் போன இரண்டு மூன்று பேர் நான் ஏதோ மந்திரிக்கிறேன் என்று நினைத்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அந்த ஆரஞ்சு விளக்கு. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிகிறது. உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது, அது அணையும் வரை காத்திருக்க வேண்டுமாம். "ஹீட்டரும்மா, இஞ்சின் சூடாகணும்" என்றார் பாய். ஏன் சூடாக வேண்டும் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். பெட்ரோல் வண்டியில் ஒரு பொறி தெறித்துத் தீப்பிடிக்கிறது. டீசலில் பொறியே கிடையாது. காற்றை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினால் அது கொதித்துப்போய்த் தானாகவே டீசலைப் பற்றவைக்கிறது. காலையில் இஞ்சின் சில்லென்று இருக்கும்போது மட்டும் அதற்கு ஒரு கை உதவி வேண்டும், அதற்குத்தான் விளக்கு. முப்பத்தொரு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று, சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் ஏன் சுடுகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். ரோட்டில் போகும் ஒவ்வொரு பஸ்ஸும் லாரியும் அதையேதான் செய்துகொண்டு போகிறது என்று எனக்கு உறைத்ததே இல்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

நீ சொன்ன தடைகள் எல்லாம் எனக்குத் தெரியும். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது, புகை, ரெண்டு வருஷத்தில் மறுபடியும் ஆர்.சி. புதுப்பிக்க அலைய வேண்டும், என் வயசு அறுபத்திரண்டு, வேண்டும்போது டாக்சியைக் கூப்பிட்டால் வாசலுக்கு வரும். நம் சந்துக்குள் திரும்புமா என்றும் கேட்டாய். டேப்பை வைத்து அளந்துவிட்டேன், பக்கத்து வீட்டார் பூந்தொட்டியை ஒரு சாண் தள்ளினால் திரும்பும். அப்பாதான் ஒரே வரியில் முடித்தார். "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு இம்புட்டு நீளம்?" என்றார். கால் நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாமே என்றேன். "அப்படி நீட்டிப் படுத்துக்கிட்டுப் போறதுக்குத்தான் சபையில தனியா வண்டி இருக்கே, கொஞ்சம் பொறு" என்றார். உன் அப்பாவின் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா.

எதுக்கு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் என்னை அரித்தது. எனக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. ஏற்ற வேண்டிய அண்டாவும் இல்லை. சரி, ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று புதன்கிழமை காலை பாயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மேலூர் ரோட்டில் எடுத்தேன். ஐம்பதுக்கு மேல் முள் நகர மறுத்தது. ஒத்தக்கடைக்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஒன்று எங்களைத் தாண்டியது. அப்புறம் ஒரு காலேஜ் பஸ். அப்புறம் இரண்டு பால் கேன் கட்டிய ஒரு மொபெட்டும் தாண்டியது, ஓட்டியவர் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. நூறு தடவையாவது பஸ்ஸில் போன ரோடு அது. ஆனாலும் ஒரு கிணற்றுக்குப் பக்கத்தில் தையல் மெஷின் ரிப்பேர் கடை ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன். யார் அங்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு அப்பால் வாய்க்கால் பாசனத்து வயல்கள். உன் தாத்தா, என்னைப் பெற்றவர், அந்த வயல்களில் கூலிக்கு நின்றவர் என்பது உனக்குத் தெரியும். ஒரு சென்ட் நிலம் நம்முடையது இல்லை. நாற்று நட்டு, வரப்பு அண்டை வெட்டி, கதிர் அடித்து, அவர் நகக்கண்ணில் சேறு இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. மிஷன் ஹாஸ்டலில் என்னைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, ஹாஸ்டல் நடத்திய வெள்ளைக்கார அம்மா கைகொடுக்கக் கையை நீட்டினார்; தாத்தா தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் குனிந்தார். எனக்கு எட்டு வயது. அந்த நொடியில் நான் ஒன்று முடிவுசெய்தேன்: என் கையில் அழுக்குப் படாது, எனக்குப் பிறக்கும் பிள்ளையின் கையிலும் படாது. டீச்சர் ஆனேன். சாக்பீஸ் தூளைக்கூட ஒவ்வொரு பீரியடுக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவேன் என்று என்னைக் கேலி பண்ணுவார்கள். என்னை நியாயப்படுத்திக்கொள்ள இதைச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்ததற்கு வேர் எங்கே இருந்தது என்று நானே இப்போதுதான் தோண்டிப் பார்க்கிறேன்.

திரும்பும் வழியில் வண்டியைச் செல்லூருக்கு விட்டேன், பாண்டியிடம் காட்ட. உன்னோடு பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்த அதே பாண்டிதான். தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே அவனுடைய ஷெட். உள்ளே ஒரே நேரத்தில் மூன்று வண்டிகள் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றன. "வாங்க டீச்சர்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, இஞ்சினை ஓடவிட்டபடியே ஆயில் மூடியைத் திறந்தான். "இந்தா பாருங்க. இதுல பொகை குபுகுபுன்னு வந்தா இஞ்சின் போச்சுன்னு அர்த்தம். இது சும்மா மூச்சுதான் விடுது. பாய் நல்லா வச்சிருந்திருக்காரு. கைய வைங்க டீச்சர், தெரியும்" என்றான். நான் தயங்கினேன். வைத்தேன். கொஞ்சம் சூடான காற்று உள்ளங்கையில் விட்டு விட்டுப் பட்டது, கூடவே கறுப்பாக எண்ணெயும். அப்போது பாண்டி சிரித்துக்கொண்டே சொன்னான்: "செல்வினா இருந்தா மூடியவே தொறக்க மாட்டான். காதாலயே கேட்டுச் சொல்லிருவான். அவன் மட்டும் என்கூட பாலிடெக்னிக் வந்திருந்தான்னு வைங்க, இந்நேரம் நான் அவன்கிட்டதான் வேலை பாத்துட்டு இருப்பேன். எனக்காகத்தான் ஆண்டவர் அன்னைக்கு வேணாம்னு சீட்டுப் போட்டுவிட்டாரு போல."

செல்வின், அந்தச் சீட்டில் ஆண்டவர் எதையும் போடவில்லை. இரண்டு சீட்டிலும் நான்தான் 'வேண்டாம்' என்று எழுதினேன்.

சொல்லிவிட்டேன். இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீயும் பாண்டியும் ஒரே பேனாவில் ஆட்டோமொபைல் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தீர்கள், இருவருக்கும் இடம் கிடைத்துவிட்டது. நான் பி.காம். படி என்றேன். டீச்சர் மகன் கிரீஸைப் பூசிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பானா என்று சொந்தக்காரர்கள் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டேன். நீ சண்டை போடவில்லை. "எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்று மட்டும் சொன்னாய். பிடித்திருக்கிறது என்பது ஒரு காரணமா என்று கேட்டேன். கடைசியில் அப்பாதான் சீட்டுப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அடுப்படியில் நின்று உன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தேன். முதல் துண்டில் 'வேண்டாம்' என்று எழுதினேன். இரண்டாவதில் 'சரி' என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். கை நின்றது. பின்னால் மறைத்த ஒரு கை ஞாபகம் வந்தது. அதிலும் 'வேண்டாம்' என்றே எழுதிச் சுருட்டினேன். கூடத்தில் அப்பாவும் நீயும் முழங்காலில் இருந்தீர்கள். நீ கண்ணை இறுக மூடிக்கொண்டு டம்ளருக்குள் கைவிட்டாய், அப்போதும் உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அடுத்ததையும் பாக்கலாமாம்மா?" என்று கேட்டாய். ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அந்த வாய் அழுகிப் போயிருக்க வேண்டும். டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த சீட்டை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். கிழித்துப் போட்டால் நீ குப்பையில் தேடுவாயோ என்று பயம். உனக்கு அப்படிப்பட்ட புத்தியே கிடையாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ பாண்டியைப் பஸ் ஏற்றிவிடப் போனாய். திரும்பி வந்து பி.காம். விண்ணப்பத்தைப் பூர்த்தி பண்ணினாய். நன்றாகப் படித்தாய், புனேயில் நல்ல கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாய், நான் எதையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நீ ஒரு முறையாவது உன் வேலையைப் பற்றி என்னிடம் ஆசையாகப் பேசியதுண்டா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். உனக்கு வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனபோது, "விடும்மா, ஆண்டவர் சித்தம்" என்றாய். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வரச் சொன்னபோதும் அதேதான் சொன்னாய். நான் ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு, என் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பொறுமைக்கு அஸ்திவாரம் என் பொய் என்பதை நான் பார்க்க மறுத்திருக்கிறேன்.

இதழில் போடச் சொல்வதற்குக் காரணம் கேள். அந்தச் சீட்டு உன்னை வழிநடத்திய கதையை நான் சபையில் மூன்று முறை சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு. பதினேழு வயசுப் பிள்ளை கீழ்ப்படிந்தான் என்று சொன்னதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்தோத்திரம் என்று சத்தம் வரும். அந்தச் சாட்சியைக் கேட்டு வீட்டுக்குப் போய் டம்ளரை எடுத்த அம்மாக்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்களில் யாராவது என்னைப் போலவே எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைகளும் இந்தக் கடிதத்தைப் படிக்கட்டும். எல்லாருக்கும் கேட்கச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அது இன்னொரு பித்தலாட்டம். அச்சாவதற்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

நேற்று மதியம் அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "நான் அன்னைக்கு முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேனே, அப்பவும் உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டார். தோன்றியது, ஜெபம் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று தோன்றியது என்றேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு அவரிடமும் பொய் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். நாற்பது வருஷத்தில் அதுவரை அவர் கழுவியதில்லை. அதிலிருந்து பேசவில்லை. காலையில் தன் காப்பியையும் தானே போட்டுக்கொண்டார், இன்றைக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கப் போனால் தடுத்துவிட்டார். எனக்கு வலிக்கிறது, ஆனால் இது எனக்கு வர வேண்டியதுதான்.

இப்போது காரைப் பற்றி முடிவு சொல்கிறேன். வாங்குகிறேன். அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை, பிடித்திருக்கிறது என்பதைத் தவிர. அது போதும் என்று ஒத்துக்கொள்ள எனக்கு அறுபத்திரண்டு வயது ஆகியிருக்கிறது. பாண்டியின் ஷெட்டில் கையில் ஒட்டிய கறுப்பைத் துடைக்க, அவன் பக்கத்துத் தறியிலிருந்து கழிவு நூலை ஒரு பிடி எடுத்துக் கொடுத்தான். துடைத்தேன், முழுசாகப் போகவில்லை. பாயையும் வண்டியையும் கோரிப்பாளையத்தில் விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் காளவாசல் வந்து சேரும் வரை என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னை யாரும் கீழே தள்ளிவிடவில்லை. கண்டக்டர் வழக்கம்போல "உள்ள தள்ளிப் போங்க டீச்சர்" என்றார், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் வந்து கற்றுக்கொள்ளட்டுமா என்று பாண்டியிடம் கேட்டிருக்கிறேன். "அய்யய்யோ டீச்சர், நீங்க கேள்வி கேட்டே என்னயக் கொன்னுருவீங்களே" என்றான். வரச் சொல்லியிருக்கிறான். இந்த வண்டி நடுரோட்டில் என்னைக் கைவிட்டால் யார் மேலும் பழி போட மாட்டேன். ஆண்டவரிடமும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: இதில் உமக்குச் சம்பந்தமில்லை, என் ஆசை, என் முடிவு.

இனி உன் விஷயம். மஸ்கட்டுக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். உன் சார்பில் முடிவெடுக்கும் தகுதியை நான் அன்றைக்கே இழந்துவிட்டேன். பெரியவளாய் இருந்து உனக்குச் சொல்ல ஒரே ஒரு புத்திமதிதான் மிச்சமிருக்கிறது. யார் உன்னிடம் சீட்டை நீட்டினாலும், அது அம்மாவாக இருந்தாலும், ஊழியக்காரராக இருந்தாலும், அடுத்த சீட்டையும் பிரித்துக் காட்டச் சொல். கேட்பது பாவமில்லை. அன்றைக்கு நீ கேட்டது சரியான கேள்வி. தப்பு பதிலில்தான் இருந்தது.

ஒரு விஷயம் என்னைக் குடைகிறது. இரண்டு வாரமாக ஒரு பழைய காரைச் சுற்றிச் சுற்றி வந்து அதைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன். எங்கே துரு, எங்கே பட்டி, ஏன் விளக்கு எரிகிறது, மேட்டில் ஏன் திணறுகிறது, எவ்வளவு நேரம் நின்றால் சூடு ஆறும். இதில் பாதியைக்கூட நான் பெற்ற பிள்ளையிடம் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன். சர்ச்சுக்குப் போனாயா என்று கேட்டிருக்கிறேன். காலையில் எழுந்து ஆபீசுக்குப் போகும்போது உனக்கு எப்படி இருக்கிறது? ஷீபாவிடம் பேசும்போதும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாயா, இல்லை அவளிடமாவது முரண்டு பிடிப்பாயா? ரோட்டில் ஒரு வண்டி போகும்போது இன்னமும் உன் காது அதன் பின்னாலேயே போகிறதா? இல்லை, அதெல்லாம் எப்போதோ செத்துப்போய், நான்தான் குற்ற உணர்ச்சியில் கற்பனை பண்ணிக்கொள்கிறேனா? எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நீ போனை எடுத்து, "பரவாயில்லம்மா, விடும்மா" என்று சொல்வாய். உன்னை எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லாதே. கோபப்படு. கத்து. ஒரு மாதம் பேசாமல் இரு, அப்பாவுக்குத் துணையாக இருக்கும். மன்னிப்பைக்கூட இப்போது கொடுக்காதே, அவசரமில்லை. எந்தச் சீட்டும் இல்லாமல், என் முகத்துக்காகவும் இல்லாமல், எனக்கு ஒரே ஒரு பதில் சொன்னால் போதும். எத்தனை நாள் எடுத்துக்கொண்டாலும் சரி.

உனக்கு என்னடா வேணும்?

அம்மா